பெரிய பிள்ளைகளுக்கான பேச்சு விளையாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டம் கோபி பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்துகிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும், அப்பாரு, அப்புச்சி என்று நாங்கள் சொல்லும் தாத்தாமார்களும் வாசலில் நின்று கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவரவர் வாயில் வந்தபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பேச்சு சிகிச்சையாளர் அல்ல. சிகிச்சை பற்றிய கேள்வி 15-இல் தனியாக இருக்கிறது. அவசரம் உள்ளவர்கள் நேரே அங்கே போய்விடலாம்.

1. ஏனுங்க, பையனுக்குப் பத்து வயசு ஆச்சு. வாய் ஓயாம பேசறான். இன்னும் என்னத்துக்குப் பேச்சு விளையாட்டு?

வாய் ஓயாமல் பேசுவது வேறு, சொல்ல வந்ததை எதிரில் இருப்பவருக்குப் புரியவைப்பது வேறு. ஒலிகள் பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குள் படிந்துவிடும். அதற்குப் பிறகு வளர்பவை சட்டென்று கண்ணில் படாது. நடந்ததை வரிசையாகச் சொல்வது, காரணம் காட்டுவது, ஒரு பொருளைப் பெயர் சொல்லாமல் விவரிப்பது, பழமொழியின் உட்பொருளைப் பிடிப்பது, ஆளுக்குத் தக்கபடி பேச்சை மாற்றுவது எல்லாம் பதின்ம வயது முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். "அவன் அதைப் பண்ணிட்டான், அப்புறம் அது ஆயிருச்சு, மிஸ் திட்டிட்டாங்க" என்று வந்தால், யார், எதை, ஏன் என்ற மூன்றும் காணோம். நான்காம் வகுப்புக்கு மேல் அறிவியலும் சமூக அறிவியலும் இந்த மூன்றையும்தான் எழுத்தில் கேட்கின்றன. விடை தெரிந்தும் இரண்டு வரி எழுத வராத பிள்ளைகளில் பலருக்குச் சிக்கல் பாடத்தில் இல்லை, சொல்லும் முறையில் இருக்கிறது.

2. கடையில "பேச்சு வளர்க்கும் பொம்மை"னு அட்டையில போட்டிருக்குதுங்க. வாங்கலாமா?

அட்டையில் போட்டிருப்பதை விடுங்கள். எந்த விளையாட்டுக்கும் ஒரே கேள்வி போதும்: வாயைத் திறக்காமல் இதை ஆடி முடிக்க முடியுமா? முடியும் என்றால் அது வேறு எதற்கோ நல்லதாக இருக்கலாம், பேச்சுக்கு அதை நம்பி வாங்க வேண்டாம். பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மை இந்தக் கேள்வியில் உடனே தோற்றுவிடும். அங்கே பேசுவது பொம்மை, கேட்பது பிள்ளை. 2016-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், மின்னணு பொம்மை கையில் இருந்தபோது பெற்றோரும் குழந்தையும் பேசியது குறைந்தது. புத்தகமும் சாதாரணப் பொம்மையும் இருந்தபோது அதிகமாகப் பேசினார்கள். அது 10 முதல் 16 மாதக் குழந்தைகளைப் பற்றியது. பத்து வயதுக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், பொம்மை பேசினால் வீடு வாயை மூடிக்கொள்ளும் என்பதை எந்த வயதிலும் பார்க்கலாம்.

காசு கொடுத்துத்தான் வாங்குவதென்றால் இரண்டைச் சொல்வேன். ஒன்று, கெஸ் ஹூ: 24 முகங்களில் எதிராளி வைத்திருப்பது எது என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிப்பது. இன்னொன்று, டபூ: சீட்டில் இருக்கும் சொல்லை அதன் கீழே உள்ள ஐந்து தடைச் சொற்களைப் பயன்படுத்தாமல் விளக்குவது. டபூ சீட்டுகள் ஆங்கிலத்தில் இருக்கும், நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது. பழைய காலண்டர் அட்டையை வெட்டி நீங்களே எழுதுங்கள். "இட்லி" என்று மேலே, "மாவு, சட்னி, சாம்பார், ஆவி, தோசை" என்று கீழே. சீட்டு எழுதும் வேலையைப் பிள்ளையிடமே விட்டால் பாதி விளையாட்டு அங்கேயே நடந்துவிடும். இட்லி என்றதும் அடுத்தவனுக்கு என்னென்ன நினைவுக்கு வரும் என்று அவன்தானே யோசிக்க வேண்டும்?

3. காசே செலவில்லாம எதுல ஆரம்பிக்கறதுங்க?

மறைப்பு ஆட்டத்தில் ஆரம்பியுங்கள். நான் நடத்துவதிலேயே அதிகப் பலன் தருவது இதுதான். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். நடுவில் ஒரு அட்டைப்பெட்டியையோ நிற்கவைத்த நோட்டையோ மறைப்பாக வையுங்கள். இருவரிடமும் ஒரே பொருட்கள்: நாலு புளியங்கொட்டை, ஒரு தீப்பெட்டி, ஒரு ஸ்பூன், இரண்டு பாட்டில் மூடி, ஒரு பென்சில். ஒருவர் அவற்றை ஏதாவது ஒரு மாதிரி அடுக்கிக்கொண்டு, வாயாலேயே சொல்லி மற்றவரையும் அதேபோல் அடுக்கவைக்க வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது, கையைக் காட்டக் கூடாது. முடித்ததும் மறைப்பை எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

முதல் முறை பெரும்பாலும் கலவரமாகத்தான் முடியும். "அதை அங்க வை" என்பான் ஒருவன், "எதை எங்கடா?" என்பான் மற்றவன். அந்தச் சண்டைதான் பாடம். தனக்குத் தெரிவது எதிராளிக்குத் தெரியாது என்பது அங்கேதான் உறைக்கிறது. இரண்டாம் சுற்றில் "தீப்பெட்டியைப் படுக்க வை, அதோட வலப்பக்கம் ஒட்டி ஒரு மூடி" என்று தானாக வரும். கேட்பவனுக்கும் வேலை உண்டு. புரியாததைப் புரியவில்லை என்று சொல்லி, திரும்பக் கேட்க வேண்டும். வகுப்பில் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்கக் கூசும் பிள்ளைகளுக்கு இந்தப் பாதி இன்னும் முக்கியம்.

பழகிவிட்டால் கடினமாக்கலாம்: பொருட்களுக்குப் பதில் வெள்ளைத் தாளில் படம், அல்லது நம் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழி. கேட்பவர் மூன்று கேள்விதான் கேட்கலாம் என்று கட்டுப்பாடும் வைக்கலாம்.

4. மனசுல நினைச்சதைக் கண்டுபிடிக்கற ஆட்டத்துல "ஆடா? மாடா? கோழியா?"ன்னே கேட்டுட்டு இருக்கறா. அப்படியே விட்டுறதா?

ஆறேழு வயதில் அப்படித்தான் கேட்பார்கள், விடலாம். ஒன்பது பத்து வயதிலும் ஒவ்வொன்றாகவே கேட்டால் கொஞ்சம் கைகொடுக்கலாம். நீங்கள் கேட்கும் முறை வரும்போது உரக்க யோசித்துக் காட்டுங்கள்: "முதல்ல உயிர் இருக்குதா இல்லையான்னு கேட்டுக்கறேன், பாதி போயிரும். அப்புறம் வீட்டுல இருக்கறதா, காட்டுல இருக்கறதா..." ஒவ்வொரு கேள்வியும் பாதியைக் கழித்தால், இருபது கேள்விக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்களிலிருந்து ஒன்றைப் பிடித்துவிடலாம். கணக்கில் ஆசையுள்ள பிள்ளைக்கு 2-ஐ இருபது முறை பெருக்கக் கொடுங்கள், 10,48,576 வரும். அதற்குப் பிறகு "ஆடா, மாடா" வராது.

5. வார்த்தை தெரியுதுங்க, சமயத்துல வாயில வரமாட்டேங்குது. "அது, அது"ன்னு இழுக்கறா.

எல்லோருக்கும் அவ்வப்போது நடப்பதுதான். ஒரு பிள்ளைக்கு அடிக்கடி நடந்தால், சொற்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன, ஒன்றோடொன்று கோக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவள் இழுக்கும்போது சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எந்த வகை, எதற்குப் பயன்படும், எங்கே இருக்கும், எப்படி இருக்கும், முதல் எழுத்து என்ன என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குள் பெரும்பாலும் சொல் வந்துவிடும்.

இதை விளையாட்டாக்க எங்களிடம் ஒன்று உண்டு. ஒரே மரம், எத்தனை சொல்? தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓலை, மட்டை, கீற்று, ஈர்க்கு, பாளை, குரும்பை, இளநீர், நெற்று, நார், கொட்டாங்குச்சி, பன்னாடை. கடைசிச் சொல் வந்ததும் கூட்டம் சிரிக்கும், ஏனென்றால் திட்டாக மட்டுமே கேள்விப்பட்டிருப்பார்கள். மரத்தடிக்குக் கூட்டிப்போய் மட்டையின் அடியில் இருக்கும் அந்த வலை போன்ற நாரைக் காட்டினால் அப்புறம் மறக்காது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் இதில் எங்களைத் தோற்கடித்துவிடுவார்கள். அதனால் அவரவர் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்: சென்னிமலையில் தறி, ஈரோட்டில் மஞ்சள், திருப்பூரில் பனியன். ஒவ்வொரு சொல்லையும் சொன்னவர், அதைத் தெரியாதவருக்கு விளக்கினால்தான் புள்ளி.

6. விடுகதை, பழமொழி எல்லாம் பழசாச்சே. இந்தக் காலத்துப் பிள்ளைங்க ரசிப்பாங்களா?

விடை தெரிந்த பழைய விடுகதையை நீங்கள் போட்டுக்கொண்டே இருந்தால் ரசிக்க மாட்டார்கள். அவர்களையே கட்டச் சொல்லுங்கள். ஐந்தாம் கேள்வியில் சொன்ன குறிப்புகளைக் கொஞ்சம் ஏமாற்றும்படி திருப்பிவிட்டால் விடுகதை ரெடி. எங்கள் பிள்ளைகள் கட்டியது ஒன்று: "மூணு கண்ணு உண்டு, பார்வை இல்லை. உள்ளே தண்ணி உண்டு, கிணறு இல்லை." தேங்காய்தான். அடுத்தவனை ஏமாற்ற வேண்டும், ஆனால் பொய்யும் சொல்லக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சொல்லைத் தேடுவது பெரியவர்களுக்கே கஷ்டம்.

பழமொழிக்கு நடிப்பு வையுங்கள். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆறே இல்லாத ஒரு காட்சியாக நடிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கி மாட்டிக்கொள்வதாகவோ, தெரியாத ஆட்டத்தில் பந்தயம் கட்டுவதாகவோ நடிப்பார்கள். மற்றவர்கள் பழமொழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆற்றில் இறங்கி நடித்துக்காட்டும் பிள்ளைக்கு உட்பொருள் இன்னும் பிடிபடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

7. பல்லாங்குழி, தாயம் எல்லாம் ஆடினா பேச்சு வரும்னு சொல்றாங்களே?

நம் ஊர் விளையாட்டு என்பதற்காகவே எல்லாப் பலனையும் அதன் தலையில் கட்டுகிறோம். இரண்டாம் கேள்வியில் சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். 14 குழிப் பல்லாங்குழியை இரண்டு பேர் ஒரு வார்த்தை பேசாமல் ஆடி முடிக்கலாம். எண்ணிக்கைக்கும் முறை மாற்றி ஆடும் பொறுமைக்கும் நல்லது, அவ்வளவுதான்.

ஆனால் மாற்றி ஆடலாம். ஆடுபுலி ஆட்டத்தை மூன்று புலி, பதினைந்து ஆட்டோடு பக்கத்துக்கு இரண்டு பேராக ஆடுங்கள். காயை நகர்த்தும் முன் கூட்டாளியிடம் ஏன் என்று சொல்லி ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். "இங்க வெச்சா புலி தாண்டிரும், அதனால பின்னாடி ஒரு ஆடு வேணும்" என்ற வாக்கியம் வந்தே தீரும். தாயத்துக்கு, ஆட்டமே தெரியாத ஒருவருக்கு விதிகளைச் சொல்லித்தரும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். பூப்பறிக்க வருகிறோம் போல இரண்டு வரிசை எதிரெதிர் நின்று கேட்டுப் பதில் சொல்லும் ஆட்டங்களில் பேச்சு ஏற்கனவே உள்ளே இருக்கிறது. கூச்சமுள்ள பிள்ளை கூட்டத்தோடு சேர்ந்து வாய் திறக்க அவை நல்ல இடம்.

8. இங்கிலீஷ்ல ஸ்க்ராபிள் வாங்கிட்டோம். தமிழ்ல அந்த மாதிரி பண்ண முடியாதுங்களா?

ஆங்கில ஸ்க்ராபிளில் 26 எழுத்துக்கு 100 கட்டைகள். தமிழில் 247 எழுத்துக்கும் கட்டை செய்தால் பைக்குள் கைவிட்டுப் பயனில்லை, ஒன்றோடொன்று சேராது. எல்லா எழுத்தும் வேண்டாம் என்பதுதான் வழி. க, ச, த, ப, ம, வ, ல, ர வரிசைகளில் அதிகம் புழங்கும் எழுத்துகளையும், ம், ல், ர், ன், ள், க், த் போன்ற மெய்களையும், அ, ஆ, இ, உ, எ ஆகியவற்றையும் எடுத்து அறுபது எழுபது அட்டை வெட்டுங்கள். ம், ல், ன், ர் நான்கைந்து வீதம் வேண்டும், நம் சொற்கள் அவற்றில்தான் அதிகமாக முடிகின்றன. எதுவாகவும் வைத்துக்கொள்ள நான்கு வெற்று அட்டைகள். பலகை வேண்டாம், தரையில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம்.

வைத்த சொல்லை ஒரு வாக்கியத்தில் சொன்னால் இரட்டைப் புள்ளி என்று வையுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்க்ராபிளும் மௌன விளையாட்டுதான். எழுத்துப்பிழை குறையும், பேச்சு வளராது.

9. கடைசி எழுத்துல அடுத்த வார்த்தை சொல்ற ஆட்டம் ரெண்டே நிமிசத்துல நின்னு போகுதுங்க. என்ன பண்றது?

நிற்கத்தான் செய்யும். "மரம்" என்றால் ம் வரும், தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. அதனால் ம் வந்தால் ம வரிசையில் எதையும் சொல்லலாம் என்று முதல் விதி வையுங்கள்: மரம், மீன். அடுத்த சிக்கல் ன். ன, ண, ள, ழ, ற எதிலும் சொல் தொடங்குவதில்லை. அப்போது அதற்கு முந்தைய எழுத்துக்குப் போக வேண்டும், அது இரண்டாம் விதி. "மீன்" என்றால் மீ, அடுத்தவர் "மீசை" என்பார். "நிழல்" வந்தால் ல வரிசையில் லட்டு, லாரி என்று நாலு சொல் கிடைக்கும், அவை தீர்ந்ததும் பின்னுக்குப் போனால் ழ, அதுவும் ஆகாது, இன்னும் பின்னால் நி. "நிலா" என்று தொடரலாம். இந்தப் பின்னுக்குப் போகும் வேலையில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வரும். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு அது உதவும்.

10. கதை சொல்லச் சொன்னா முன்னுக்குப் பின்னா உளறறான். நடுவுல ஆரம்பிச்சு நடுவுலயே முடிச்சுர்றான்.

ஐந்து விரலைக் காட்டச் சொல்லுங்கள். யார், எங்கே, என்ன சிக்கல், என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது. ஒவ்வொன்றையும் சொல்லும்போது ஒரு விரலை மடக்க வேண்டும். மடங்காத விரல் எது என்று அவனே பார்த்துக்கொள்வான். பெரும்பாலும் மூன்றாவது விரல்தான் நிற்கும். சிக்கல் இல்லாத கதை "போனாங்க, வந்தாங்க" என்று போய்க்கொண்டே இருக்கும்.

கதைப் பகடை என்று கடைகளில் கிடைக்கிறது. ஒன்பது பகடை, 54 படம். உருட்டி வந்த படங்களை வைத்துக் கதை கட்ட வேண்டும். நல்ல விளையாட்டு, ஆனால் திணறும் பிள்ளைக்கு ஒன்பதையும் கொடுத்தால் ஒன்பது சம்பந்தமில்லாத வாக்கியம்தான் வரும். மூன்றில் ஆரம்பியுங்கள். வாங்காவிட்டாலும் சோப்பு டப்பாவை வெட்டிச் சதுரமாக ஒட்டி, பக்கத்துக்கு ஒரு படமாக நீங்களே வரையலாம். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்திருக்கும். வாசித்த கதையை வீட்டில் திரும்பச் சொல்லவைக்க அவை அளவான நீளம்.

எல்லாவற்றையும்விட நல்ல கேட்பவர், அங்கே இல்லாத ஒருவர். நோம்பியில் (திருவிழாவில்) நடந்ததை, வர முடியாமல் போன அமுச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) போனில் சொல்லச் சொல்லுங்கள். அவர் பார்க்காததால் "அதான், அது" எடுபடாது. மறைப்பு ஆட்டத்தில் அட்டைப்பெட்டி செய்யும் வேலையை இங்கே தூரம் செய்கிறது. ஊரில் உடுக்கையடித்து அண்ணன்மார் (பொன்னர் சங்கர்) கதை நடந்தால் ஒரு ராத்திரியாவது உட்காரவையுங்கள். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர, முந்தைய ராத்திரிக் கதையைச் சுருக்கிச் சொல்லும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

11. வீட்டுல தெலுங்கு, வெளில தமிழ், பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ். இதுல தானுங்க பையன் குழம்பிப் போறான்? ஒண்ணை நிறுத்திரலாமா?

நிறுத்த வேண்டாம். கோவையிலும் ஈரோட்டிலும் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பிள்ளை வளர்த்திருக்கின்றன. பல மொழி பேசுவதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. ஒரு வாக்கியத்தில் இரண்டு மொழி கலப்பதும் குழப்பத்தின் அடையாளம் அல்ல, அந்த வீட்டின் வழக்கம். உண்மையான சிக்கல் இருந்தால் எல்லா மொழியிலும் தெரியும். தமிழில் மட்டும் தடுமாறி, அம்மாவோடு தெலுங்கில் சரளமாகக் கதை சொல்கிறான் என்றால் தமிழில் பழக்கம் போதவில்லை என்று பொருள்.

இங்கே இருக்கும் எல்லா விளையாட்டையும் எந்த மொழியிலும் ஆடலாம். உங்களுக்கு எது நன்றாக வருமோ அதில் ஆடுங்கள். தெரிந்த அளவு ஆங்கிலத்தில் அப்பா பேசும் நாலு வாக்கியத்தைவிட, தாய்மொழியில் அவர் தரும் விளக்கம் பிள்ளைக்கு அதிகம் கொடுக்கும். திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசும் குடும்பங்களுக்கும் இதே பதில்தான்.

12. "வந்துச்சுங்க, போச்சுங்க"ன்னு நம்மூர்ப் பேச்சுல விளையாடினா பாடத் தமிழ் கெட்டுப் போகாதா?

கெடாது. இரண்டையும் தேவைக்கு மாற்றத் தெரிவதுதான் திறமை. அதற்கே ஒரு விளையாட்டு உண்டு: ஒரே செய்தியை மூன்று பேருக்குச் சொல்வது. "நாளைக்குப் பஸ் வராது" என்பதைக் கூட்டாளியிடம் ஒரு மாதிரி, அப்புச்சியிடம் "வராதுங்" என்று மரியாதையோடு, பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் எழுத்துத் தமிழில். யாரிடம் பேசுகிறார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒலிபெருக்கிப் பகுதிக்குத்தான் போட்டி அதிகம்.

13. ழ வரமாட்டேங்குது. "ஏழைக் கிழவன் வாழைப்பழம்" சொல்ல வெச்சா சரியாயிருமா?

நாக்குச் சிக்கும் வாக்கியங்கள், ஏற்கனவே தனியாகச் சொல்லத் தெரிந்த ஒலியை வேகத்திலும் தடுமாறாமல் சொல்லப் பழக்கும். சொல்லவே தெரியாத ஒலியைக் கற்றுத்தராது. முதலில் ழ-வைத் தனியாகவும், பிறகு "மழை, வாழை" என்று சொல்லிலும் வருகிறதா பாருங்கள். வந்தால் வாக்கிய விளையாட்டுக்குப் போங்கள். வராத பிள்ளையைக் கூட்டத்துக்கு நடுவில் சொல்லவைத்துச் சிரிப்பது விளையாட்டு அல்ல.

ழ கடைசியாகப் படியும் ஒலிகளில் ஒன்று, பெரியவர்களிலேயே பலருக்கு அது ள-வாகத்தான் வருகிறது. அது மட்டும்தான் என்றால் கவலை வேண்டாம். எட்டு வயதுக்கு மேலும் க, ச, ர போன்றவை மாறி வந்து அயலார்க்குப் பேச்சு புரியவில்லை என்றால் 15-ஐப் பாருங்கள்.

14. அக்கா எல்லாத்துக்கும் முந்திக்கிட்டுப் பதில் சொல்லிர்றா, தம்பி வாயே திறக்கறதில்லை. அவனுக்கு லேசாத் திக்கும் வேற.

இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். முந்திக்கொள்ளும் அக்காவுக்கு, பதில் தெரிந்தாலும் சொல்ல முடியாத வேலையைக் கொடுங்கள். மறைப்பு ஆட்டத்தில் அவள் அடுக்குபவள், அவன் சொல்பவன். அவன் சொன்னபடி மட்டுமே அவள் கை அசையலாம். கேள்வி கேட்டபின் நீங்களும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேச வேண்டும். இதைச் செய்து பார்த்தால்தான் நாம் எவ்வளவு அவசரக்காரர்கள் என்று தெரியும்.

திக்குகிறான் என்று விளையாட்டிலிருந்து ஒதுக்காதீர்கள், கட்டாயம் கூப்பிடுங்கள். ஆனால் நேரம் பார்க்கும் ஆட்டம் எதுவும் வேண்டாம். டபூவில் மணல் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். "மெதுவாச் சொல்லு, மூச்சு இழுத்துச் சொல்லு" என்று திருத்தாதீர்கள், பாதியில் நிற்கும் சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், அவன் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்குவது பலருக்குக் குறையும். அதனால் கும்மிப் பாட்டிலும் வரிசை ஆட்டத்திலும் அவன் தயங்காமல் சேருவான். பள்ளி வயதிலும் தொடர்வதால் சிகிச்சையாளர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

15. விளையாட்டே போதுமா, டாக்டர்கிட்டக் காட்டணுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எங்க போறதுங்க?

எட்டு வயதுக்கு மேலும் இரண்டு மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் செய்கிறான், வாக்கியம் சின்னதாகவும் முறை மாறியும் வருகிறது, பலமுறை கேட்ட சொல்லும் தங்குவதில்லை, தெரிந்த கதையையும் திரும்பச் சொல்ல முடியவில்லை, வாசிப்பும் சேர்ந்து பின்தங்குகிறது. இவற்றில் பல ஒன்றாக இருந்தால் காட்டுங்கள். மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பிள்ளைகளுக்கு இருக்கிறது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோம்பேறி, கவனமில்லாதவன் என்று பேர் வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் இவர்களும் உண்டு. பெற்றோர் வளர்ப்பால் வருவது அல்ல. விளையாட்டு கூடவே நடக்கலாம், சிகிச்சைக்கு மாற்று ஆகாது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பேச்சு திடீரென்று குறைந்தாலோ குழறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதலில் காது. சளி, காதில் சீழ் அடிக்கடி வரும் பிள்ளை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் சோதனை செய்யுங்கள். அரசு வழியில் போவதென்றால், 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனை உண்டு, மருத்துவக் குழு பள்ளிக்கே வரும். அவர்கள் அனுப்பிவைக்கும் இடம் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். அரசு மருத்துவமனையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரைத் தலைமையாசிரியர் வழியாகவும் பார்க்கலாம். தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு உள்ளவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

16. நாங்க ரெண்டு பேரும் கம்பெனி வேலை. பொழுதோட வந்தா சோறாக்கவே நேரம் சரியாப் போயிருது. இதெல்லாம் எப்பங்க ஆடறது?

தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வெங்காயம் உரிக்கும்போது, நினைத்ததை இருபது கேள்வியில் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஆடலாம். வண்டியில் போகும்போது, கடைசி எழுத்தில் அடுத்த சொல் சொல்லும் ஆட்டம். "சந்தைக்குப் போனேன், தக்காளி வாங்கினேன்" என்று ஒருவர் தொடங்க, அடுத்தவர் அதையும் சொல்லி இன்னொன்றைச் சேர்க்க, பட்டியல் நீண்டுகொண்டே போகும் ஆட்டம் அடுப்படியிலேயே நடக்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் போன் தூரமாக இருக்கட்டும். ஷிப்ட் மாறி வருபவர்கள் போனிலேயே ஒரு விடுகதையைக் குரல் பதிவாக அனுப்பிவிட்டுப் போகலாம். பிள்ளை பதிலைப் பதிவாகவே அனுப்பட்டும். கூப்பிட்டுப் பேசுவது போக, செல்போனில் பேச்சுக்கு உருப்படியான பயன் அது ஒன்றுதான் என்பது என் கட்சி. வார்த்தை விளையாட்டுச் செயலிகள் பெரும்பாலும் இரண்டாம் கேள்விச் சோதனையில் நிற்பதில்லை.

17. பெரியவனுக்குப் பதிமூணு. இதெல்லாம் சின்னப்பசங்க ஆட்டம்னு பக்கத்துலயே வரமாட்டேங்கறான்.

அவன் சொல்வது சரிதான், பாதி ஆட்டங்கள் அவனுக்குச் சின்னவைதான். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் சீட்டு எல்லா வீட்டுக்கும் தெரியும். அதில் ஒரு மாற்றம்: போலீஸ் யூகித்துச் சொல்லக் கூடாது, ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டு, காரணத்தோடு திருடனைக் காட்ட வேண்டும். திருடன் பொய் சொல்லலாம், மற்றவர்கள் சொல்லக் கூடாது. 1986-இல் மாஸ்கோவில் ஒரு மாணவர் உருவாக்கி உலகமெல்லாம் பரவிய மாஃபியா ஆட்டமும் இதே சரக்குதான். ஏழெட்டுப் பேர் இருந்தால் அதையே ஆடலாம். பொய்யை நம்பும்படி சொல்வதும் அடுத்தவர் பேச்சில் ஓட்டையைப் பிடிப்பதும் பதின்ம வயதுக்குப் பிடித்தமானவை.

அதற்கும் வரவில்லை என்றால், டிவியில் கபடி ஓடும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு வர்ணனையை அவனிடம் விடுங்கள். ஊரில் வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மிப் பயிற்சி நடந்தால் சேர்த்துவிடுங்கள், பாட்டும் அடவும் ஒட்டுக்கா வரும். இல்லையென்றால் சின்னவர்களுக்கு நடுவராக வைத்து, புது ஆட்டத்துக்கு விதிகளை எழுதச் சொல்லுங்கள். அவன் எழுதிய விதியில் சின்னவர்கள் ஓட்டை கண்டுபிடித்துச் சண்டைக்கு வரும்போது, பதில் சொல்ல அவன்தான் வாயைத் திறக்க வேண்டும்.